குடலைத்தான் கேட்கிறோம்: மீன் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், ஏலக்கடை அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

எந்தச் சந்தை என்று பெயர் போடவில்லை. மதுரையில் நடந்தது, உங்களுக்கு நன்றாகவே தெரியும். போன ஞாயிறு விடியற்காலை என் விலங்கியல் மாணவர்களை மீன் ஆயும் இடத்திலிருந்து வெளியே போகச் சொன்னீர்கள். பையில் பார்மலின் பாட்டில் இருந்ததாம், உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் மருந்து அது. மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று 2018-இல் கிளம்பிய பீதியில் உங்கள் வியாபாரம் பட்ட பாட்டை நானும் பார்த்தவன்தான். சரி, இனி பாட்டில் வாசலைத் தாண்டாது. வெறும் ஐஸ் பெட்டியோடு வருகிறோம், மற்றதைக் கல்லூரியில் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் கோரிக்கை மாறவில்லை: சுத்தியல் போலத் தலையுள்ள கொம்பன் சுறாக் குட்டிகளின் இரைப்பையையும் குடலையும் எங்களுக்குக் கொடுங்கள். மீனைக் கேட்கவில்லை. நீங்கள் குப்பை வண்டியில் ஏற்றுவதைத்தான் கேட்கிறோம்.

"சுறா என்ன தின்னா உங்களுக்கு என்ன சார்?" என்று உங்களில் ஒருவர் சிரித்தாராம். நியாயமான கேள்வி, அதனால் பதில் சொல்கிறேன். கொம்பன் பிறக்கும்போது ஏறக்குறைய முழங்கை நீளம்தான். கரையோரத்து ஆழமில்லாத கடலில் பிறந்து, அங்கேயே தரையைத் துழாவித் தின்று வளர்கிறது. தலையின் அடிப்பக்கமெல்லாம் ஊசிக்குத்து போலத் துளைகள் இருக்கும். மணலுக்குள் பதுங்கிய உயிரின் மெல்லிய மின்சாரத்தை அவற்றால் உணர்ந்துகொள்ளும். ஹவாய்த் தீவுகளில் கனேயோஹே விரிகுடா என்று ஓர் இடம். அங்கே குட்டிகளின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பெரும்பாலும் நகத்தைச் சொடுக்கும் பொடி இறாலும் உளுவை என்ற சிறு மீனும்தான். இன்னொன்றும் தெரிந்தது. பிறந்த புதிதில் குட்டிகள் எடை கூடுவதில்லை, குறைகின்றன. வேட்டை பழகும்வரை ஈரலில் தாய் கொடுத்தனுப்பிய கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழ்கின்றன. பழகாதவை பட்டினியில் சாகின்றன. தப்பிப் பிழைத்தவைதான் வளர்ந்து, ஆழ்கடலுக்குக் கணவாயும் மீனும் தேடிப் போகின்றன.

நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் குட்டி எதைத் தின்கிறது? சேற்றிலா, மணலிலா, கடல்புல்லுக்கு நடுவிலா? வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். தெரிந்தால், கடல் தரையை வாரும் இழுவை வலையான மடி எந்தத் தரையை விட்டு ஒதுங்க வேண்டும் என்று பேசவாவது ஓர் ஆதாரம் கிடைக்கும். 2019-லேயே இந்த இனத்தை உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்டுவிட்டார்கள். குட்டி வளர்ந்தால்தானே உங்கள் ஏலத்துக்கும் நாளை சுறா வரும்?

இப்போது உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். மீன் ஆயும் அக்கா ஒருவர் எங்களுக்காகக் குடலைத் தனிக் கவரில் போட்டு, ஐஸ் அள்ளிப் போட்டு, எந்தக் கடைப் பெட்டி என்று ஒரு சீட்டும் செருகி வைப்பார். ஒரு பைசா வாங்கியதில்லை. கத்தி வைக்கும் முன்பே இரைப்பையை விரலால் அழுத்திப் பார்த்து, "இது பட்டினிக் குட்டி, பாப்பா, உள்ள ஒண்ணும் இல்ல" என்பார். திறந்தால் வெறும் பைதான் இருக்கும். வெறும் வயிறும் எங்களுக்குக் கணக்குதான் என்று சொன்ன பிறகு அதையும் எடுத்து வைக்க ஆரம்பித்தார். அவரைத்தான் ஞாயிற்றுக்கிழமை முதல் உட்கார விடவில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று ஆய்ந்து கொடுத்து அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவர். எங்கள் மேல் கோபம் என்றால் எங்களைத் திட்டுங்கள், தாங்கிக்கொள்வோம். அவர் பலகையை எடுத்துப் போட்டது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொம்பன் குட்டி தலையோடு கடைக்குப் போவதே இல்லை. தலையை அரிந்து எறிந்தால் அதுவும் பால்சுறாதான், விலையும் பால்சுறா விலை. நெஞ்சுத் துடுப்புகளுக்கு நடுவே தொப்புள் தழும்புகூட ஆறாத குட்டியைப் புட்டாக்கி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று ஊட்டுகிறோம். கேட்டால் பாரம்பரிய மருத்துவம். சுறாப்புட்டுக்கு நானும் எதிரி இல்லை. ஆனால் தான் விற்பது இன்னது என்று சொல்லி விற்பதற்கு இந்த ஊரில் என்ன கஷ்டமோ! வாங்குகிறவனும் கேட்பதில்லை, விற்கிறவனும் சொல்வதில்லை, கேட்க வேண்டிய அதிகாரிகள் விலை விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது, மன்னிக்க வேண்டும். நாங்கள் கேஸ் போட வரவில்லை, போட்டுக்கொடுக்கவும் வரவில்லை. எந்தக் கடை, யார் பெட்டி என்று எங்கள் ஆய்வில் ஒரு எழுத்து இருக்காது. எந்தக் கரையிலிருந்து வந்தது என்பது மட்டும் போதும்: ராமேஸ்வரமா, தூத்துக்குடியா, நாகப்பட்டினமா.

தாமதமும் ஆகாது. செத்த பிறகும் வயிற்றுக்குள் இருப்பது கரைந்துகொண்டேதான் இருக்கும். மதியம் வரை வெயிலில் கிடந்தால் இறாலின் நகமும் உளுவையின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லும்தான் மிஞ்சும். சில சமயம் அதுவும் மிஞ்சாது. அதனால்தான் விடியற்காலையில் வந்து நிற்கிறோம், உங்களுக்குத் தொந்தரவு தருவதற்காக அல்ல.

அந்த அக்காவை அவர் இடத்தில் மறுபடி உட்காரவிடுங்கள். ஏலம் முடிந்த பிறகு எங்களுக்கு ஒரு மூலை, ஒரு வாளி. குடலைக் கொடுங்கள், தரையைக் கழுவிவிட்டே போகிறோம். வரும் ஞாயிறுக்குள் செயலாளர் ஒரு போன் செய்து சரி என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் ஒருவர், மதுரை