வி.ஆர். கண்ணாடிப் பெட்டி: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்: ஏழாம் வகுப்பு ஆசிரியை, பேச்சிப்பாறை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கண்ணில் மாட்டினால் தொலைவில் உள்ள இடத்தையும் நேரில் நின்று பார்ப்பதுபோல் காட்டும் பத்து வி.ஆர். கண்ணாடிகள் அடங்கிய பெட்டியை ஜூனில் உங்களிடம் வாங்கினோம். அதைப் பற்றி நான் எழுதும் ஆறாவது கடிதம் இது. முந்தைய ஐந்துக்கும் ‘புகார் பதிவு செய்யப்பட்டது’ என்ற ஒரே பதில்தான்.

கண்ணாடிகளை இயக்கும் டேப்லெட்டை ஆன் செய்தால் அந்த நீல வட்டம் சுற்றுகிறது, ‘உரிமம் சரிபார்க்கப்படுகிறது’ என்று நிற்கிறது. உரிமத்தைச் சரிபார்க்க நெட் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நெட் இல்லாமலே ஓடும் என்று உங்கள் விற்பனையாளர் எங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து சொன்னார். மழை பிடித்துவிட்டால் இங்கே போனில் பேசவே சிக்னல் கிடைக்காது என்று அன்றைக்கே அவரிடம் சொன்னேன்.

உங்கள் ஹெல்ப்லைனில் பேசிய அந்தத் தம்பி சொன்னதை நான் மறக்க மாட்டேன். “டீச்சர், உங்க ஊர்ல டவர் இல்லாததுக்கு நாங்க என்ன செய்ய? பேசாம பிள்ளைங்கள பஸ்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.” சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் காட்டக்கூடியதை நாங்கள் காட்டியாகிவிட்டது ஐயா. பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை எல்லாம் போய் வந்தாயிற்று. தஞ்சாவூர் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். என் வகுப்பில் பாதிப் பேரின் பெற்றோர் விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். மழை நாளில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அவர்களும் சேர்ந்து போட்ட பணம்தான் உங்களுக்குத் தந்த 86,000 ரூபாய்.

இராசராசன் 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஒரு சிறுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கழுத்தை வளைத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “டீச்சரே, சுத்திட்டே இருக்கே, இதுதானா கோயில்?” என்றாள். நான் என்ன பதில் சொல்வது?

இன்னொன்றை விட்டுவிட்டேன். எப்போதாவது திறந்தாலும், நான்கு கண்ணாடிகளில் தலையை அசைக்காமலே படம் வலப்பக்கம் நகர்கிறது. இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தலை திரும்புவதை உணரும் கைரோஸ்கோப்பில் கோளாறு என்று பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் பார்த்ததும் சொன்னான்.

அதைக் காட்டத்தான் திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்கு லீவு போட்டு வந்தேன். அதிகாலை முதல் பஸ், நாகர்கோவிலில் மாறி, மடியில் பெட்டியோடு. நீங்கள் தந்த தேதிதான் அது. “டெக்னீஷியன் லீவு, அடுத்த வாரம் வாங்க.” உட்காரக்கூடச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகளின் ஒரு கல்வியாண்டே உங்களால் பாழ்.

தயவுசெய்து 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கட்டும், பதில் சொல்ல நாகர்கோவிலுக்கு வாருங்கள். மன உளைச்சலுக்கு 2 லட்சமும் கேட்பேன்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் இல்லை. பெட்டி தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. எடுத்துப் போக ஆள் அனுப்புங்கள். நான் இனி அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு ஆசிரியை