குமரி எழுத்தாளர்களுக்குத் தனி அலமாரி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக் கிளை நூலகங்களில் நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பிற நாட்டு நாவல்கள் பலவற்றை ஆசையோடு படித்திருந்தாலும், என் கை மீண்டும் மீண்டும் தேடிச் செல்பவை இம்மண்ணில் விளைந்த நூல்களே. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு நின்றுபோய் வீட்டுக்குள் அடைபடும் லிஸியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கடற்கரை ஊரொன்றில் நான் பணியாற்றியபோது, தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' அலமாரியில் தங்கியதே இல்லை. தையல் விட்டு, ஓரங்கள் மடங்கி, தேதி முத்திரை குத்த இடமில்லாமல் தாளின் மேல் தாளாக ஒட்டப்பட்டிருந்த அந்தப் பிரதியை நானே பசை தடவித் தைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். தங்கள் வீட்டுப் பேச்சு அச்சில் வந்திருப்பதைக் கண்டு வாசகர்கள் அடைந்த மகிழ்ச்சியை, சாகித்திய அகாதெமி 1997இல் அவரது 'சாய்வு நாற்காலி'க்கு வழங்கிய விருதுக்கு இணையாகவே கருதுகிறேன்.

இத்தகைய நூல்கள் பழுதடைந்தவை என்று கழிக்கப்படும்போது, அவற்றின் இடத்தில் புதிய பிரதி வருவது அரிதாகவே இருக்கிறது. போட்டித் தேர்வு நூல்கள் தேவைதான், மறுக்கவில்லை. ஆயினும் கவிமணி முதல் சுந்தர ராமசாமி, பொன்னீலன், நாஞ்சில் நாடன் வரையிலான மாவட்டப் படைப்பாளிகளின் நூல்களுக்கு ஒவ்வொரு கிளை நூலகத்திலும் தனி அலமாரி அமைத்து, ஒரு பிரதியையேனும் நிலையாகப் பாதுகாக்க நூலகத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.