கீழே வந்து நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வருடம் இதே சமயம், நடுப்பகலிலும் ஜன்னல் திரையை விலக்காமல் படுத்துக் கிடந்தவன் நான். வேலை போனது ஒரு காரணம். அது மட்டும்தான் என்றால் பொய். குளிப்பதற்கே மூன்று நாள் யோசிப்பேன். அதிலிருந்து எப்படி எழுந்தேன் என்பது உங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். முழுசாகச் சொல்லியே நன்றி சொல்கிறேன்.

முதலில் தங்கைக்கு. "எல்லாம் சரியாயிடும்" என்று நீ ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக நீயே போன் செய்து ஆலோசகரிடம் நேரம் வாங்கினாய். கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாய். திரும்பும்போது "என்ன சொன்னாங்க?" என்று கேட்கவும் இல்லை. கேட்காமல் இருந்ததற்குத் தனி நன்றி.

ஆலோசகர் அம்மாவுக்கு. தெம்பு வந்தால் ஏதாவது செய்யலாம் என்று காத்திருந்தவன் நான். நீங்கள் அதைத் திருப்பிப் போட்டீர்கள்: முதலில் செய், மனசு பின்னால் வரும். பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர், 1970களில் பீட்டர் லெவின்சன் போன்ற உளவியலாளர்கள் மனச்சோர்வுக்காக வளர்த்த வழி என்றெல்லாம் சொன்னீர்கள். பெயர் எனக்கு ஒட்டவில்லை, நோட்டு ஒட்டிக்கொண்டது. மணிக்கொரு கட்டம், அதில் என்ன செய்தேன், பத்துக்கு எத்தனை நிறைவு என்று எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்க 0, 1. செவ்வாய் மாலை மட்டும் ஒரு 4. வாடிக் கிடந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். அந்த 4 மேல் விரலை வைத்து, "இது எப்படி வந்தது?" என்றீர்கள். எனக்கு நம்பிக்கை என்று ஒன்று வந்திருந்தால், அந்தக் கட்டத்திலிருந்துதான்.

மாத்திரையும் தேவைப்பட்டது, அதை மறைக்க மாட்டேன். "சில வாரம் வித்தியாசமே தெரியாது, நீங்களாக நிறுத்திடாதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்த டாக்டருக்கும் நன்றி.

பழைய அலுவலகத் தோழிக்கு. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, 19ஆம் நாள் தவறவிட்டதும் நோட்டைத் தூக்கி எறிந்தேன். நீங்கள்தான் அந்த லண்டன் ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். 96 பேர் பங்கேற்று 2009இல் வெளியானது. அதன் கணக்கில் பழக்கம் படிய ஆன காலம் நடுவாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. "நீங்க 254 ஆளுங்க, அவசரப்படாதீங்க" என்றீர்கள். பல மாதம் கழித்து அன்றுதான் சிரித்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து நோட்டும் திரும்ப வந்தது.

அப்புறம் நீ, நண்பா. காலை ஆறு மணிக்குப் போன், "கீழே நிக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு. வரவில்லை என்று எத்தனை நாள் சொன்னேனோ, ஒரு நாளும் நீ திட்டியதில்லை. மறுநாள் வந்து நிற்பாய். நடப்பது பத்தே நிமிஷம், அதிலும் பாதி உன் முழங்கால் வலிப் புராணம்.

இப்போதும் சில நாள் கட்டங்களில் 1தான் விழுகிறது. எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறேன்.

நண்பா, டாக்டர் உன்னைத் தினமும் நடக்கச் சொல்லியும் நீ படுத்தே கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். நாளைக் காலை ஆறு மணி. கீழே நிற்பேன்.