முதல் பாடத்தைச் சைஸ் அண்ணன் நடத்தட்டும்: குதிரையேற்றக் கழக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நம் திடலில் 11 ஆண்டுகளாகக் குதிரையேறி வரும் உறுப்பினன் நான். புதியவர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் திருத்த நீங்கள் கருத்துக் கேட்டிருப்பதால் இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: புதிதாகச் சேருகிறவர் சேணத்தில் ஏறுவதற்கு முன், முதல் நான்கு வாரங்கள் குதிரையோடு தரையில் நின்று பழகட்டும், அந்த வகுப்புகளை நம் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன், அதற்குரிய ஊதியத்தோடு, நடத்தட்டும்.

தோட்டத்துப் பிள்ளையான நான் முதன்முதலில் பார்த்த குதிரை, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருந்த கோயிலில் மதுரை வீரன் சாமி ஏறியிருந்த வெள்ளைக் குதிரைதான். முன்னங்கால்களைத் தூக்கி, கழுத்தை வளைத்து, பல் தெரிய வாயைப் பிளந்து நின்ற அந்தத் தோற்றத்தையே வீரக் குதிரையின் இலக்கணம் என்று எண்ணி வளர்ந்தேன். (சாமியின் குதிரையைக் குறை சொல்லவில்லை, அதற்கு வலிக்காது.) உயிருள்ள குதிரை கடிவாளத்தை இழுக்கும்போது வாயைப் பிளந்தால், உள்ளே கம்பி நாக்கையும் ஈறையும் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை. நான் கற்ற முதல் பாடம், குதிகாலால் உதை, நகராவிட்டால் சாட்டையைக் காட்டு, அப்போதும் நகராவிட்டால் அடி என்பதே. அதை நான் நன்றாகவே கற்றேன் என்பதுதான் இன்று எனக்கு வெட்கம்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று நம்மிடம் வந்த குதிரை கருப்பனை உங்களுக்கு நினைவிருக்கும். அவன் சோம்பேறி என்று எல்லோரும் சொன்னோம். ஒரு மார்ச் மாத மாலை மூன்று மணி வெயிலில், நான்காவது சுற்றில் அவன் நின்றுவிட்டபோது நான் சாட்டையால் மூன்று முறை அடித்தேன். அவன் ஐந்தாவது சுற்றையும் ஓடி முடித்தான். நிழலுக்குக் கொண்டுவந்து சேணத்தை இறக்கியபோது, உடன் ஓடிய மற்ற இரு குதிரைகளும் நனைந்து கருத்திருக்க, சேணப் பட்டையின் ஓரங்களில் வெண்ணுரை கட்டியிருக்க, கருப்பனின் கழுத்தில் மட்டும் ஈரமே இல்லை. கையால் தேய்த்தால் தூசி எழுந்தது. சைஸ் அண்ணன் அவன் மூக்குத் துளைகளுக்கு அருகில் புறங்கையை வைத்து மூச்சை எண்ணினார். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு. அரை மணி நேரம் கழித்தும் கருப்பனுக்கு 60-க்குக் குறையவில்லை. "தம்பி, இவன் சோம்பேறி இல்ல. இவனுக்கு வேர்க்கல," என்றார். என்னைத் திட்டவில்லை, தண்ணீர்க் குழாயை எடுத்துவரச் சொன்னார்.

பிறகு வந்த கால்நடை மருத்துவரும் அதையே உறுதி செய்தார். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், குறிப்பாகக் குளிர்நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குதிரைகளுக்கு, வியர்வை சுரப்பது குறைந்து சில வேளைகளில் அறவே நின்றுபோகும் நோய் இது. உடல் சூட்டை இறக்கக் குதிரைக்கு வியர்வையே முதன்மையான வழி. அது அடைபட்ட பிறகு ஓடச் சொல்வது, நீர் வற்றிய இயந்திரத்தை முடுக்குவதற்குச் சமம். பத்து ஆண்டுக் குதிரையேற்றத்தில் நான் பார்க்கத் தவறிய ஒன்றை, காலையில் அவனைத் தேய்த்துவிடும் கை முன்பே அறிந்திருந்தது. ஆனால் அவரிடம் கேட்கும் வழக்கம் நம் கழகத்தில் இல்லை. உழைப்பவரிடம் கேட்காமல் கிராணி (எழுத்தர்) எழுதுவதும் கங்காணி (மேற்பார்வையாளர்) அதட்டுவதும் தோட்டத்தோடு போய்விட்டன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பின் ஓராண்டு, பெரும்பாலும் கீழே நின்றே அவரிடம் கற்றேன். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குத் தெரியாது. ஆகவே அவர் தோள் பக்கமாகவே நெருங்குவார், பிடரி மயிர் முடிவடையும் மேட்டில் சொறிந்துவிடுவார், தலை தாழ்ந்து கீழுதடு தளரும்வரை காத்திருப்பார். கயிற்றை மெல்ல இழுத்து, குதிரை ஓர் அடி எடுத்து வைக்கும் அதே நொடியில் விட்டுவிடுவார். குதிரை கற்பது இழுப்பிலிருந்து அல்ல, இழுப்பு நின்ற நொடியிலிருந்து என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நகர்ந்த பின்னும் காலால் அழுத்திக்கொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்களால்தான் குதிரையின் விலா மரத்துப்போகிறது. பிறகு நாமே அதற்குச் சாட்டை தேடுகிறோம்.

பெற்றோர் சவாரிக்குத்தான் பணம் கட்டுகிறார்கள், பிள்ளை கீழே நிற்பதற்கு அல்ல என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அது நியாயமான கவலைதான். அந்த நான்கு வாரங்களுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கலாம். ஆனால் 2021-இல், தோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றமும் ஓர் அங்கமாக இருந்த நவீன ஐந்திறன் போட்டியில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். குலுக்கலில் கிடைத்த, முன்பின் பழகாத ஒரு குதிரை ஓட மறுத்தது. வீராங்கனை அழுதபடி அடித்தார், பயிற்றுநர் அக்குதிரையைக் குத்தியதற்காக நீக்கப்பட்டார். 2024 பாரிஸ் போட்டிகளுக்குப் பிறகு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டுவிட்டது. பழகுவதற்கு நேரமே தராத ஏற்பாட்டின் விளைவு அது. நம் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு குதிரை என்று மாற்றி மாற்றித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முற்பகல் பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடையில் வகுப்பு வேண்டாம் என்பதையும், மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று ஏறுமுன் பார்க்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இத்திட்டம் ஏற்கப்பட்டால் முதல் தொகுதியில் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் முழுக் கட்டணமே செலுத்துகிறேன். என் சாட்டையைத் தேட வேண்டாம். அது லாயத்தில், கருப்பனின் உடலைத் துடைக்கும் ஈரத்துணி காயும் கொடிக்கம்பாக இருக்கிறது.

இப்படிக்கு,
கழக உறுப்பினன்