அம்மா, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

லெஸ்டர், இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலமா? போன வாரம் தங்கச்சி போனில் சொன்ன விஷயத்திலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. விடியற்காலையில் பால் கறக்கும்போது உங்களுக்குக் கை நடுங்கி, வேர்த்து, கட்டுத்தரைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார் என்று இருபது நாளாக ராத்திரி சோறு இல்லையாம், வெறும் கொள்ளுத் தண்ணீர்தானாம். போனில் பேசினால் "சரி சாமி, சரி சாமி" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சி பிரின்ட் எடுத்துத் தருவாள். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நீங்கள் போடும் சர்க்கரை நோய் மாத்திரை. சர்க்கரை மாத்திரைகளில் சில, வயிறு காலியாக இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் நடுக்கமும் வேர்வையும் வரும், மயக்கம்கூட வரும். உங்களுக்கு வந்தது அதுவாக இருக்கலாம். இனி அப்படி வந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். அப்புறம் சாப்பிடுங்கள். இந்த வாரமே அப்பாவோடு கோபிக்குப் போய், சாப்பாட்டைக் குறைத்ததை டாக்டரிடம் சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டு வாருங்கள். அதுவரை ஒரு வேளையைக்கூட விடாதீர்கள்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்த கதையை உங்களிடம் சொன்னதில்லை. இங்கே வந்த இரண்டு வருஷத்தில் என் எடை 74 கிலோவிலிருந்து 88 ஆனது. நாள் முழுக்க நாற்காலி. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், வெளியே கால் வைக்க மனசு வராது. வீட்டுக்கு வந்தால் குளிருக்குச் சூடாக ஏதாவது பொரித்துத் தின்பேன். ரத்தம் பார்த்ததில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இந்த ஊர்க் கணக்கில் 43 வந்தது. 42 முதல் 47 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. ரத்தம் பார்த்த நர்ஸ் என் உயரத்தையும் எடையையும் வைத்து பி.எம்.ஐ. போட்டுப் பார்த்துவிட்டு, "தெற்காசியர்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5 தாண்டினால் உடல் பருமன்" என்றார். எனக்கு அப்போது 29.7.

நானும் நீங்கள் செய்ததைத்தான் முதலில் செய்தேன். ஒரு மாதம் ஒரே வேளை, அதுவும் அரை வயிறு. நான்கு கிலோ இறங்கியது. படி ஏறினால் கால் தளர்ந்தது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை நண்பன் வீட்டில் பிரியாணியை நிறுத்தவே முடியாமல் தின்றேன். அடுத்த மாதத்தில் மூன்று கிலோ திரும்பிவிட்டது. பட்டினியில் போனதில் ஒரு பகுதி தண்ணீரும் சதையும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அப்புறம்தான் ஒரு சின்ன எடை மெஷின் வாங்கி அடுப்படியில் வைத்தேன். நீங்கள் சொசைட்டிக்கு ஊற்றும் பாலை வேளைக்கு வேளை நோட்டில் எழுதுவீர்கள் அல்லவா, அது மாதிரி எனக்கும் ஒரு நோட்டு. முதல் நாள் வழக்கமாகப் போடும் சோற்றைத் தட்டோடு வைத்து நிறுத்தேன். தட்டைக் கழித்து 420 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அப்படியானால் சோறு மட்டும் ஏறக்குறைய 550. சரி, இதுதான் காரணம் என்று நினைத்தேன். பொரியலுக்கு எண்ணெய் ஊற்றும்போதுதான் கை நின்றது. கண்ணளவாக ஊற்றுவதை அன்றைக்கு ஸ்பூனில் ஊற்றினேன். மூன்று பெரிய ஸ்பூன். ஒரு ஸ்பூனுக்கு 120 வீதம் 360 கலோரி, அத்தனையும் ஒரு பிடி பீன்ஸில்.

உங்களுக்காக ஒரு கணக்குப் போட்டேன். வீட்டில் மாதம் நான்கு லிட்டர் கடலெண்ணெய் ஆகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 550 கலோரி. நீங்கள் விட்ட ராத்திரிச் சோறு அவ்வளவு வராது அம்மா! செக்கு எண்ணெய் என்பதால் குறையாது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. சோற்றிலும் பருப்பிலும் உள்ள மாவுக்கும் புரதத்துக்கும் 4தான். நான்கு லிட்டரை இரண்டாக்கினால் தட்டில் ஒரு பருக்கை குறையாமல் தினம் 275 கலோரி குறையும்.

நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். கவுந்தப்பாடிச் சரக்கு சுத்தமானதுதான், ருசியும் உண்டு. ஆனால் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ரத்தத்திலும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஆறு டீ என்றால் கிட்டத்தட்ட 200 கலோரி.

கொள்ளைப் பற்றி நீங்கள் கோபிக்கக் கூடாது. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று அம்முச்சி சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதில் புரதமும் நாரும் அதிகம், அதனால் பசி தாங்கும். அதற்குக் கொள்ளைத் தின்ன வேண்டும். வேகவைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பயறை மாட்டுக்கு வைத்தால் மாட்டுக்குத்தான் லாபம். கொள்ளுப் பருப்பு கடைந்து ராகிக் களியோடு சாப்பிடுங்கள், கூட ஒரு கீரைக் கடைசல்.

என் உடம்புக்குத் தினம் சுமார் 2,400 கலோரி செலவாகிறது. இங்கே அரசு மருத்துவத் துறையின் எடைக் குறைப்புத் திட்டம் ஆண்களுக்கு 1,900, பெண்களுக்கு 1,400 என்கிறது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. தினம் 500 மிச்சம் பிடித்தால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி இறங்கும். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை. ஐந்து நாள் 1,800, சனி ஞாயிறு 2,150 என்று வைத்துக்கொண்டேன். தினம் 1,900 என்று வைத்தாலும் வாரக் கூட்டல் ஒன்றுதான், விருந்துக்குப் போனாலும் மனசு உறுத்தாது. இங்கே பெரிய ஓட்டல்களில் 2022 ஏப்ரலிலிருந்து மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்று சட்டம். அதனால் வெளியே சாப்பிடும் நாளிலும் நோட்டு நிரம்பிவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அரிசியும்பருப்பும்தான். அரிசி 75 கிராம், துவரம்பருப்பு 30 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், இறக்கிய பிறகு மேலே நெய் ஒரு டீஸ்பூன். எல்லாம் சேர்த்து 460 கலோரி. சின்ன வெங்காயம் வதங்கும் வாசனைக்கு மாடியில் இருப்பவர் கதவைத் திறந்து கேட்கிறார். பக்கத்தில் தட்டு நிறையக் கோஸ் பொரியல். சாப்பிட்டுவிட்டுக் கால்வாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடப்பேன். தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் உங்களோடு நடந்தது ஞாபகம் வரும். என்ன, இந்தத் தண்ணீர் ஓடாமல் நிற்கிறது.

எட்டு மாதத்தில் 79 கிலோவுக்கு வந்திருக்கிறேன். நடுவில் ஆறு வாரம் முள் அசையவே இல்லை. உடம்பு இளைத்தால் அதன் செலவும் குறையும் என்று தெரிந்ததால் பயப்படவில்லை, நடையைக் கொஞ்சம் கூட்டினேன். ரத்தத்தில் இப்போது 39.

உங்களுக்கு எவ்வளவு கலோரி என்று நான் சொல்லக் கூடாது, மாத்திரை போடுகிறவர்களுக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். பொங்கலுக்கு வரும்போது ஒப்புட்டு சுடுங்கள், நான் இரண்டு தின்பேன், நீங்களும் ஒன்று தின்னலாம்.

அடுத்த எண்ணெய்க் கேனை உடைக்கும் அன்றைக்குக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள். தீர்ந்ததும் எத்தனை நாள் வந்தது என்று எண்ணி எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்