பாட்டில் டெபாசிட் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு நிறுவனங்கள் தங்கள் தரவுக் கிடங்கை (அறிக்கைகளுக்காக எல்லாக் கணக்கையும் சேர்த்து வைக்கும் இடம்) உடனே கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாற்றிவிட வேண்டும் என்று போன ஞாயிறு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாற வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் 'சனி, ஞாயிறு இரண்டே நாளில் முடிகிற வேலை' என்ற வரியைப் பார்த்ததும் பதறிவிட்டேன்.

நான் மதுரைப் பெண். 1999இல் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்தேன். இங்கே இசிபிங்கோ பகுதியில் ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கும் அறிக்கைகளும் என் பொறுப்பு. கீழ்த்தளத்தில் ஒரு சர்வர் வைத்திருந்தோம். எல்லாக் கிளைகளின் பில்களும் இரவு 2 மணிக்கு அதில் ஏறும். 2022 ஏப்ரலில் எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த வெள்ளம் அந்த அறைக்குள்ளும் முழங்கால் அளவு வந்தது. யூபிஎஸ் மூழ்கியது. தரவின் நகல் இருந்த பேக்கப் டேப்புகளும் அதே அறையில்தான் இருந்தன, எல்லாம் நனைந்துபோயின. மேல்தட்டில் இருந்ததால் சர்வர் தப்பியது. அடுத்த ஆண்டு மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. பாதி பில்கள் ஏறி நின்றுபோன இரவுகள் பல. அப்புறம்தான் முதலாளி கிளவுடுக்குச் சம்மதித்தார்.

வாடிக்கையாளர்களின் பெயரும் கடன் பாக்கியும் அதில் இருப்பதால், தரவு நாட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று கேட்டோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் இங்கே முழு அமலில் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019லும் அமேசான் 2020லும் இங்கேயே தரவு மையங்களைத் திறந்துவிட்டதால் அது கஷ்டமாக இல்லை.

அட்டவணைகளை நகலெடுக்க நான்கே நாள்தான் ஆனது. மாதக் கடைசியில் புதிய அறிக்கை வந்தது. பழையதைவிட விற்பனை கூடுதல்! மேலாளர் சந்தோஷப்பட்டார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று வாரம் தேடினோம். குளிர்பானக் கண்ணாடி பாட்டிலுக்கும் கிரேட்டுக்கும் நாங்கள் வாங்கும் டெபாசிட் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், விற்பனை இல்லை. அதைக் கழிக்கும் விதி பழைய சர்வரில் ஒரு ஸ்டோர்ட் புரொசீஜருக்குள், அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்த ஒரு சிறு நிரலுக்குள், இருந்தது. மாற்றிக் கொடுத்தவர்கள் அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டார்கள். 2018 ஏப்ரல் 1இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 14 சதவீதத்திலிருந்து 15 ஆனதும், அரிசி பருப்புக்கு வாட் 0 என்பதும்கூட அதே மாதிரி விதிகளாகத்தான் உள்ளே கிடந்தன.

அவற்றை எழுதிய அண்ணா ஓய்வு பெற்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார். கூப்பிட்டதும் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தோடு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சொன்னார். மாறுவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்று கட்டணம். சொந்த சர்வரில் தரவிடம் எத்தனை முறை கேள்வி கேட்டாலும் செலவு ஒன்றுதான். நாங்கள் எடுத்த சேவையிலோ படிக்கும் தரவின் அளவுக்கு ஏற்பப் பணம். பத்து வரிசை மட்டும் காட்டு என்று எழுதினாலும் முழு அட்டவணையையும் படித்துவிட்டுத்தான் காட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அட்டவணையின் எல்லாப் பத்திகளையும் (நெடுவரிசைகளையும்) இழுக்கும் ஒரு விளக்கப்படத்தை எங்களோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் போட்டுவிட்டான். சேவைக்கான பில் டாலரில் வருகிறது, எங்கள் நாணயமான ராண்டு இறங்க இறங்க இங்கே கனம் கூடுகிறது. இப்போது தேதிவாரியாகப் பிரித்து வைத்து, தேவையான பத்திகளை மட்டும் கேட்கிறோம். மாதச் செலவுக்கு ஓர் எச்சரிக்கை வரம்பும் வைத்திருக்கிறோம்.

நான்கு மாதம் இரண்டையும் ஒன்றாக ஓட்டி, தொடர்ந்து இரண்டு மாதக் கடைசிக் கணக்கும் சென்ட் பிசகாமல் பொருந்திய பிறகே பழையதில் பில் ஏற்றுவதை நிறுத்தினோம். அந்த சர்வரை இன்னும் தூக்கிப் போடவில்லை. வரித்துறைக்காக 5 ஆண்டுக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால் அது இப்போது மாடியில் இருக்கிறது, அண்ணாவின் நோட்டுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இசிபிங்கோ, டர்பன்