பழைய ஏற்பாட்டின் தேவன் கோபக்காரரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில் கிருபையைப் பற்றி வெளியான கட்டுரையில், "பழைய ஏற்பாட்டின் தேவன் கட்டளையிட்டுத் தண்டிக்கிறவர், புதிய ஏற்பாட்டில்தான் அவர் அன்புகூருகிறவராக வருகிறார்" என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் அதற்கு ஒரு வசனமும் காட்டவில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி போலச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். அந்த அலட்சியத்தை என்னால் தாங்க முடியவில்லை. பல வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு சின்னப் பெண் என்னிடம், "டீச்சர், இயேசப்பா நல்லவர், அவங்க அப்பாதான் கோபக்காரரா?" என்று கேட்டாள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தானே பிள்ளை அப்படிக் கேட்கிறது?

பத்துக் கட்டளைகள் வரும் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தைத் தாங்கள் அறியாதவர் அல்ல. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்பது அங்கே மூன்றாம் வசனம். அதற்கு முந்தின வசனத்தில், எகிப்தின் அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே என்று அவர் தம்மை அறிமுகப்படுத்துகிறார். செங்கடலைக் கடந்தது 14-ஆம் அதிகாரத்தில். மன்னா பெய்தது 16-இல். கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலையடிவாரத்துக்கு இஸ்ரவேலர் வந்து சேர்ந்ததே 19-இல்தான். செங்கல் அறுத்துக்கொண்டிருந்த ஜனங்களிடம், இந்தப் பத்தையும் கைக்கொண்டு காட்டுங்கள், பிறகு விடுவிக்கிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. முதலில் விடுவித்தார், சுமந்தார், சோறு போட்டார். அதற்கப்புறம்தான், இனி நீங்கள் இப்படி வாழுங்கள் என்றார். கீழ்ப்படிதல் அங்கே அன்புக்குக் கொடுத்த விலை அல்ல, பெற்ற அன்புக்கு இருதயம் சொல்லும் பதில்.

உபாகமம் 7-ஆம் அதிகாரமும் அதையே சொல்கிறது. நீங்கள் திரளான ஜனம் என்பதால் கர்த்தர் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லா ஜனங்களிலும் நீங்கள் கொஞ்சமாயிருந்தீர்கள். அவர் உங்களில் அன்புகூர்ந்தார், உங்கள் பிதாக்களுக்கு இட்ட ஆணையைக் காத்தார், அவ்வளவுதான் காரணம். இன்றும் யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் ஷெமா என்ற ஜெபத்தில் முதலில் கேட்கப்படுவது என்ன? முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் அன்புகூருவது. பிரதான கற்பனை எதுவென்று கேட்டவனுக்கு இயேசு புதிதாக ஒன்றைச் சொல்லவில்லை. உபாகமம் 6-ஐயும் லேவியராகமம் 19-ஐயும் எடுத்துத்தான் பதில் சொன்னார்.

கோபமும் தண்டனையும் அங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பாவத்துக்குப் பிறகு, உடைந்துபோன கற்பலகைகளுக்குப் பதில் இரண்டாம் முறை கற்பலகைகளை வெட்டிக்கொண்டு மோசே மலையேறியபோது, தேவன் தம் பெயரை எப்படிக் கூறினார்? "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்றார். குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்பதும் அதே இடத்தில் வருகிறது. இரக்கம் முதலில் வருகிறது. அந்த வார்த்தைகளைச் சங்கீதக்காரன் பாடுகிறான், யோவேல் எடுத்துச் சொல்கிறான். நினிவே நகரத்தை எச்சரிக்க அனுப்பப்பட்ட யோனாவோ, நீர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் தர்ஷீசுக்கு ஓடினேன் என்று அவரிடமே கோபித்துக்கொள்கிறான். நினிவே பிழைத்துவிட்டதே என்று ஒரு தீர்க்கதரிசி மனம் கசக்கும் அளவுக்கு இரக்கமுள்ள தேவனைத் தண்டிக்கிறவர் என்று மட்டும் எழுதுவது எப்படி நியாயம்?

தீர்க்கதரிசி ஓசியாவைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. எப்பிராயீம் என்றும் அழைக்கப்பட்ட இஸ்ரவேலின் வடதேசம் அசீரியரின் கையில் விழப்போகிற காலம். துரோகம் செய்த ஜனத்தைப் பார்த்து, எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினவர் நான் என்று தேவன் சொல்கிறார். அதே 11-ஆம் அதிகாரத்தில், "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று கேட்கிறார். பெற்றவர் பேச்சு இது. பிள்ளை கெட்டழிவதைக் கண்ட வீடுகளில் இந்த அதிகாரத்தை வாசித்திருக்கிறேன்; வாசித்து முடிக்கும் முன்பே அழுதுவிடுவார்கள். நம் சபையில் இதை வைத்து ஒரு பிரசங்கம் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

மல்கியா புத்தகத்திலிருந்து பிரசங்கம் கேட்டிருக்கிறேன், காணிக்கைக் காலம் வந்தால் போதும். "தசமபாகங்களையெல்லாம்" என்று 3-ஆம் அதிகாரம் 10-ஆம் வசனத்தைச் சொல்லாத வாய் இல்லை. அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னே போனால், கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவனுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக நிற்கிறார். அந்தப் புத்தகம் தொடங்குவதே, நான் உங்களைச் சிநேகித்தேன் என்ற வார்த்தையில். இவை எதுவும் பீடத்திலிருந்து காதில் விழுவதில்லை. புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் அப்படித்தான். வாலாக்காமல் தலையாக்குவார் என்பது இருக்கும்; கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்பது வெட்டப்பட்டிருக்கும். கிருபையைச் சொன்னால் கீழ்ப்படிதல் காணாமல் போகிறது. கீழ்ப்படிதலைச் சொன்னால் பயம் மட்டும் மிஞ்சுகிறது. என் கணவர் நோயில் படுத்திருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், உபாகமம் 28-இன் சாபங்களை வாசித்துவிட்டு, காணிக்கையில் என்ன குறைவைத்தீர்கள் என்று கேட்டார். அன்றிரவு என் கணவர் தூங்கவில்லை. விடியும்வரை நான் அவருக்குப் புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்து கிடக்கையில் பாடியது அது. அதன் நடுவில்தான், அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவை காலைதோறும் புதியவை என்று வருகிறது.

கட்டளைகளே அன்பில்லாதவை என்பவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். வயலில் கூலிக்குக் கதிரறுத்துப் பிழைத்தவள். அறுப்பு முடிந்தும் கூலி கைக்கு வராமல், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்பட்டவள். படிக்கத் தெரியாத அவளுக்கு நான் உபாகமம் 24-ஐ வாசித்தேன். பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான் என்ற இடம் வந்ததும், "நம்மளை நினைச்சு எழுதின மாதிரில்ல இருக்கு" என்றாள். வயலில் மறந்து விட்ட அரிக்கட்டைத் திரும்பிப் போய் எடுக்காதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்ற கட்டளையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்றே அது முடிகிறது. சிந்திய கதிரைப் பொறுக்கிப் பிழைக்க வந்த மோவாபியப் பெண் ரூத் இப்படிப்பட்ட கட்டளையால்தான் சாப்பிட்டாள். தாவீதின் வம்சமே அந்த வயலில் தொடங்கியது. என் அம்மாவுக்கு இந்தச் சட்டம் பாரமாகத் தெரியவில்லை.

பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று தீர்க்கதரிசி சாமுவேல் சவுல் ராஜாவிடம் சொன்னதும், உதட்டில் கனம்பண்ணி இருதயத்தைத் தூரமாக வைத்த ஜனங்களை ஏசாயா கண்டித்ததும், மனசில்லாத சடங்கு வேண்டாம் என்பதற்காகவே. நியாயப்பிரமாணத்தை அவர்களுடைய இருதயத்தில் எழுதுவேன் என்ற வாக்கு எரேமியா 31-இல் இருக்கிறது. நாம் புதிய ஏற்பாடு என்று வைத்த பெயரே அந்த அதிகாரத்திலிருந்து வந்ததுதான்.

எபிரெய வேதத்தின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் போதித்தார். ரோமச் சபை கி.பி. 144-இல் அவரை விலக்கியது. தாங்கள் இறையியல் கற்றவர், நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் பார்த்து அனுப்பும் இதழில் இந்த வரி வந்துவிட்டதே என்பதுதான் என் துக்கம். என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற இதழ் இது. சந்தாவை நிறுத்திவிடுவேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வருஷாவருஷம் டிசம்பர் இதழோடு தரும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் பத்துக் கட்டளைகளை மூன்றாம் வசனத்திலிருந்து அச்சிடுகிறீர்கள். இந்த முறை இரண்டாம் வசனத்தையும் மேலே சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம். இதைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வரி எழுதித் தெரிவித்தால் நன்றியுள்ளவளாயிருப்பேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை